வைண்டிங் அக்கா கொடுத்த ஒரே புகார்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. தெருவின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு மனிதருக்கு வேலை போகும். ஏற்கெனவே ஒரு தடவை போயிற்று, அதுவும் அந்த மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியதால். எனவே தெருவில் எல்லோரும் கூப்பிட்டபடி வைண்டிங் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் வைண்டிங் பகுதியில் முப்பது வருஷத்துக்குப் பக்கம் நின்றவர். எங்கள் பக்கத்தில் ஆட்களை அவர்கள் வேலை பார்த்த பகுதியை வைத்துத்தான் கூப்பிடுவோம். கார்டிங் மாமா, பாய்லர் பெரியப்பா, டைம் ஆபீஸ் சித்தப்பா. மில் போய் நாளாகிவிட்டது. பெயர்களுக்கு மட்டும் இன்னும் ஷிப்ட் முடியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு மதுரை என்றால் கோபுரமும் மல்லிகைப்பூவும். மில் சுவரை ஒட்டி வளர்ந்த எங்களுக்குக் கோபுரம் என்பது வருஷத்துக்கு இரண்டு தடவை குளித்துவிட்டுப் போய்ப் பார்க்கும் விஷயம். தினமும் அண்ணாந்து பார்த்தது புகைபோக்கியைத்தான். மில் இருந்த இடத்தில் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பாய்லர் இருந்த இடத்தில் நீச்சல்குளம். அதன் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, மில் ஆட்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய எங்கள் லைன் வீடுகள் நிற்கின்றன. எங்களை விட்டுவைத்தார்கள் என்று தெருவில் சொல்வார்கள். மறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

திங்கட்கிழமை மனு நாள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எல்லா ஆபீஸிலும் அதே மின்விசிறி, அதே சத்தம். பட்டாவுக்காகக் கொட்டாம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர், பென்ஷன் நின்றுபோனவர், வீட்டுக்குள் சாக்கடை வந்தவர் என்று வரிசை வாசல் தாண்டி நிற்கும். அதில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவும் நிற்பார். பக்கத்தில் நான், மனு எழுதியவன் என்ற தகுதியில்.

"என்னம்மா குறை?" என்று கேட்டார் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்.

"குறை ஒண்ணும் இல்ல தாயி. எங்க தெருமுக்குல லைட்டு எரியுது."

"எரியலையா?"

"எரியுதும்மா. நல்லா எரியுது. அதச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பின்னால் நின்ற ஆள், "யக்கா, எரியுறதுக்கு நீ மனுக் குடுத்தா எரியாதவன் எங்கிட்டுப் போறது?" என்றார்.

"எரியாதப்ப அம்புட்டுப் பேரும் வந்து வையுறீகள்ல. எரியுறப்ப ஒரு ஆளாவது வர வேணாமா?"

வரிசை ஓரடி நகர்ந்தது. கணினி நகரவில்லை. மனு என்ன வகை என்று சொன்னால்தான் அது அடுத்த பக்கம் போகும். பட்டா, ஓய்வூதியம், குடிநீர், ஆக்கிரமிப்பு என்று வகைகள் இறங்கிக்கொண்டே போயின. மனிதனுக்கு இத்தனை துன்பமா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. நன்றி என்று ஒரு வகை இல்லை. கடைசியில் 'இதர' என்பதில் போட்டு, என் கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்டார். அக்காவிடம் கைப்பேசி கிடையாது. அன்றிலிருந்து அவருடைய எல்லா மனுக்களுக்கும் என் எண்தான்.

பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் குறை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. அதற்கடுத்த வாரம் ஏணியோடு ஓர் ஆள் வந்து கம்பத்தில் ஏறி, எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றி, உதறிப் பார்த்து, திரும்ப மாட்டினார். "நல்லாத்தானப்பா இருந்துச்சு, என்னத்துக்குக் கழட்டுற?" என்றார் அக்கா. "மனு வந்திருக்குல்லம்மா" என்றார் அவர். அன்று சாயங்காலம் விளக்கு எரியவில்லை.

இதெல்லாம் நடந்தும் அவர் மாறவில்லை. காளவாசலில் ஒரு கடையில் பரோட்டா தின்றுவிட்டு, கை கழுவின கையோடு நேரே அடுப்புப் பக்கம் போய் மாஸ்டர் முன்னால் நிற்பார். மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிடும். "என்னக்கா, முடி கெடந்துச்சா?" "முடியெல்லாம் இல்லப்பா. நல்லா இருந்துச்சு." மாஸ்டர் சால்னாச் சட்டியைக் கிளறிப் பார்த்து, அவர் போன பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, உண்மையச் சொல்லுங்க, என்ன கெடந்துச்சு?" என்பார். மில் கேட் நிறுத்தத்தில் இறங்கும்போது, மில்லும் இல்லை கேட்டும் இல்லை என்றாலும் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுகிறாரே என்று ஒரு கண்டக்டருக்கு நன்றி சொன்னார். கண்டக்டர் அவருடைய டிக்கெட்டை வாங்கிச் சரிபார்த்தார்.

நான் காளவாசலில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பதால் எழுத்தாளன் என்று தெருவில் ஒரு வதந்தி உண்டு. அதை மறுக்க நான் பெரிதாக முயன்றதில்லை. அக்கா மனு எழுதச் சொல்லி வந்தால் எனக்குக் கை பரபரக்கும். இருளில் தவித்த எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய தங்கள் கருணை என்று ஆரம்பிப்பேன்.

"அம்புட்டு வேணாம் தம்பி. கருணையெல்லாம் எதுக்கு? எந்தக் கம்பம், யார் ஏறுனது, என்னைக்கு எரிஞ்சுச்சு. அதப் போடு."

"சும்மா நன்றின்னு மட்டும் போட்டாப் போதாதாக்கா?"

"என்ன செஞ்சாகன்னு சொல்லாம நன்றி சொன்னா, அது போற போக்குல கையெடுத்துக் கும்பிடுற மாதிரி. செஞ்சதச் சொல்லணும்."

எதற்கு இந்தப் பாடு என்று ஒரு தடவை கேட்டேன். மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பெயருக்கு வந்த காகிதம் எல்லாமே மெமோவாம். நூல் அறுந்ததற்கு, தாமதமாக வந்ததற்கு, தண்ணீர் குடிக்கப் போனதற்கு. "ஒழுங்காச் சுத்துன கூம்பு எம்புட்டு இருக்கும்? அதுக்கு ஒரு காயிதம் வரல தம்பி. நம்மளாவது குடுப்போமேன்னு தோணுச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கையான விஷயமாகவே படவில்லை.

மில் மூடிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் என் அப்பா உட்பட எல்லோரும் தொண்டை வறளக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை பார்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் என் முழுநேர வேலை. அக்காவைக் காணோம். பார்த்தால் கேட்டின் ஓரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். சங்கத் தலைவருக்கு வந்ததே கோபம். "ஏம்மா, இங்க வயித்துல அடிச்சுட்டான்னு கத்திக்கிட்டிருக்கோம். அங்க என்ன வாட்ச்மேன்கூட?" அக்கா சொன்னார்: "அவரு மழை பேஞ்சா குடை புடிச்சுக் கூட்டியாந்து உள்ள விடுவாருண்ணே. நாளைக்கு அவரு எங்கிட்டுப் போறாரோ. இன்னிக்குச் சொல்லாட்டி எப்பச் சொல்றது?" தலைவர் திரும்பி வந்து, முன்னைவிடச் சத்தமாகக் கோஷம் போட்டார்.

இப்படியே போயிருந்தால் அவர் ஒரு விசித்திரமான நல்ல பெண்மணி என்று நாலு வரியில் முடித்திருப்பேன். தண்ணீர் வந்தது. அதாவது, வரத்தான் செய்தது. அதுதான் பிரச்சினை.

எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் குழாய்த் தண்ணீர். மெயின் குழாயைத் திறந்ததும் முதலில் குடிப்பது அடுக்குமாடியின் தொட்டி. அது குடித்து ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் எங்கள் தெருவுக்கு. மிச்சம் என்பது கோடையில் பெரும்பாலும் காற்றுதான். குழாய் இருமும், நாங்களும் பதிலுக்கு இருமிவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்தக் கோடையில் வால்வு திறக்கப் புதிதாக ஓர் ஆள் வந்தார். ஒப்பந்தத்தில் இருப்பவர். பேரையூர்ப் பக்கம் மானாவாரி நிலம். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, டவுனுக்கு வந்து தண்ணீர் திறந்துவிடும் வேலையில் சேர்ந்தவர். தெருவில் பேரையூரார் என்று பெயராயிற்று. அவர் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தார். அடுக்குமாடிக்குப் போகும் வால்வைக் கொஞ்ச நேரம் பாதி மூடிவைத்து, எங்கள் குடங்கள் நிறைந்த பிறகு முழுக்கத் திறந்தார். அவர்கள் தொட்டியும் நிறைந்தது, கொஞ்சம் தாமதமாக. தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு குடத்தை நிறைத்தார்கள். அக்கா மட்டும் என் வீட்டுக்கு வந்தார்.

"எழுது தம்பி. எங்க கடைசித் தெருவுக்குத் தண்ணி எட்டணும்னு, பெரிய கட்டடத்து வால்வச் செத்த நேரம் பாதி மூடி வச்சு விடுறாரு. இந்தக் கோடையில லாரிக்கு ஓடாம இருக்கோம். அவருக்கு நன்றி. அம்புட்டுத்தான்."

எழுதினேன். ஒரு உவமைகூட இல்லாத அந்த மனுதான் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த எழுத்து. தண்ணீர்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் அதைப் படித்து நெகிழ்ந்துபோனார். நன்றி என்பதை அவர் அதற்கு முன் ஆபீஸில் பார்த்ததில்லையாம். உடனே மனுவைப் படம் எடுத்து, மக்கள் பாராட்டு என்று தலைப்பிட்டு வார்டு வாட்ஸப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரும் இருந்தார். அவர் கைகூப்பும் படம் எதுவும் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி போட்டார். கடைசித் தெருவுக்குக் கூடியது என்றால், யாருக்குக் குறைந்தது?

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வி சரியானதுதான். மறுநாளே விசாரணை. விசாரணை முடியும்வரை பேரையூரார் வேலைக்கு வர வேண்டாம். ஒப்பந்த ஆளுக்கு அப்படிச் சொன்னால், விசாரணை முடிகிற அன்று அவர் இடத்தில் வேறொருவர் இருப்பார் என்று அர்த்தம்.

"உங்க எழுத்தால இந்தத் தெருவுல மொத தடவையா ஒரு காரியம் நடந்திருக்கு" என்றார் என் மனைவி.

பேரையூரார் அக்கா வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எம்மேல தப்பா ஒண்ணும் எழுதலக்கா. நல்லாத்தான் எழுதியிருக்கீக. அதான் கெட்டுப்போச்சு."

"நான் வந்து சொல்றேன்ப்பா. நீ நல்லதுதான் செஞ்சேன்னு பெரிய ஆபீசர்ட்டயே சொல்றேன்."

"யக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன். இன்னொருக்க நல்லது சொல்லிப்புடாதீக."

பேரையூரார் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் போனதும், அடுப்பில் எதுவோ தீயும் வாசனை வந்தும் அக்கா எழுந்து போகவில்லை.

வழி சொன்னவர் தண்ணீர்ப் பிரிவில் தலை நரைத்த ஒரு மேற்பார்வையாளர். டீக்கடையில் பேரையூராரையும் என்னையும் உட்காரவைத்து, வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "இது ஒரு விசயமாய்யா? அந்தத் தெருவுக்குத் தண்ணியே வரலைன்னு ஒரு புகார் குடுக்கச் சொல்லுங்க. இவன் மேல இல்ல. குழாயில அழுத்தம் இல்லைன்னு. தண்ணியே வராத தெருவுக்குக் கூடுதலா விட்டான்னு எவன் எழுத முடியும்? ஆனா, நன்றி சொன்ன அந்தம்மாவே குடுக்கணும். வேற ஆளு குடுத்தாச் செல்லாது."

"அப்ப முன்னாடி குடுத்த மனு?"

"வயசானவுக. ஞாபகம் பெசகி எதையோ சொல்லி எழுத வச்சுட்டாகன்னு போட்டுக்குவோம்."

என் வடையைத் தட்டிலேயே வைத்தேன். எந்த மெஷினில் எந்த வருஷம் எந்த பேரிங் போயிற்று என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர் அக்கா. அவரிடம் போய், உங்களுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"பொய்தான தம்பி?"

"பொய்தான்க்கா."

"குடிச்ச தண்ணிய இல்லைன்னு சொல்லணும்."

"ஆமா."

எழுந்து போய்த் தெருக்குழாயைத் திருகிப் பார்த்தார். அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. "ஒருத்தர் மேலயும் புகார் குடுத்ததில்ல. மில்லு மூடுனப்பக்கூடக் குடுக்கல" என்றார். பிறகு, "சரி, எழுது."

குறை எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் பரம்பரைப் பயிற்சி உண்டு. குடிநீரின்றிப் பரிதவிக்கும், பலமுறை முறையிட்டும், கண்ணீர்விட்டு என்றெல்லாம் எழுதிவிட்டு, வழக்கம்போல் அடிக்கச் சொல்வார் என்று படித்துக் காட்டினேன். அவர் அடிக்கச் சொல்லவில்லை.

"அம்புட்டும் இருக்கட்டும். அந்தப் பிள்ள வேலைக்கு வாரணும்ல."

திங்கட்கிழமை. கணினி முன்னால் அதே பெண். இத்தனை நாளில் அவருக்கும் அக்காவைப் பிடித்துப் போயிருந்தது. "வாங்கம்மா. இன்னைக்கு எது நல்லா எரியுது?"

"தண்ணி வரல தாயி."

அந்தப் பெண்ணின் கை தானாகவே போயிற்று. குடிநீர், வரவில்லை, குறைந்த அழுத்தம். மூன்று தட்டு. ரசீது வெளியே வந்தது. எங்கேயும் நிற்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. இவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடும் இயந்திரத்தில் இத்தனை காலம் மணலைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அப்ப முன்ன குடுத்தது?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

"வயசாச்சுல்ல. கொழம்பிப் போச்சு தாயி" என்றார் அக்கா. வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"குடிக்கத் தண்ணி வாங்கியாரவாக்கா?"

"இன்னைக்குத் தண்ணி வேணாம் தம்பி."

பேரையூராரை எச்சரிக்கையோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எச்சரித்தபடியே அவரும் சட்டப்படி வால்வைத் திறந்தார். எங்கள் குழாய் சட்டப்படி இருமியது. நன்றி சொல்லித் தண்ணீரைக் கெடுத்தவள் என்று தெருவில் அக்காவின் காதுபடவே பேசினார்கள். அவர் பதில் சொல்லாமல் குடத்தோடு லாரிக்குப் போனார். மில்லில் நின்றே தேய்ந்த முழங்காலோடு லாரிக்குப் போவது லேசில்லை.

அப்புறம் ஒரு விடியற்காலை, விசாரணையின் சுவடுகூட எங்கேயும் மிச்சமில்லை என்று நிச்சயமான பிறகு, குழாயில் தண்ணீர் வந்தது. இருமாமல், தடித்து. அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் பழக்கதோஷத்தில் மேஜையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தேன்.

"அத எடுத்து வை" என்றார்.

நேரே தெருமுக்குக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். வால்வுக் குழிக்குள் குனிந்து பேரையூரார் நீளச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரே அடுக்குமாடி வாட்ச்மேன், செயலாளர் சொல்லிவைத்தபடி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏப்பா, தண்ணிய விடுறியா இல்ல வேடிக்க காட்டுறியா? ஒரு சொட்டு வரல. ஒன்னையெல்லாம் எவன்ய்யா வேலைக்கு வச்சது?"

பேரையூரார் தலையைத் தூக்கவில்லை. "ப்ரசர் இல்லக்கா. நான் என்ன செய்ய?"

"என்ன செய்யவா? வாங்குற சம்பளத்துக்கு வேலையச் செய்யி."

வாட்ச்மேன் திருப்தியாகக் காலை நீட்டிக்கொண்டார். அக்காவின் சேலை முழங்கால்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. பேரையூரார் கவனித்தார். குழிக்குள் அவர் தோள் கொஞ்சம் குலுங்கியதாக எனக்குத் தோன்றியது. சாவி திருகும்போது அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு தண்ணீர் வந்த நாளெல்லாம் போய் வைதுவிட்டு வருவார். நாளாக நாளாக அதில் தேர்ச்சியும் வந்தது. ஒருநாள் சாயங்காலம் என் கைப்பேசி அடித்தது. பதிவு செய்த பெண் குரல். உங்கள் குடிநீர்ப் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது. திருப்தி என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. அக்காவிடம் ஓடினேன்.

"திருப்தியான்னு கேக்குறான்க்கா."

"திருப்தின்னா என்னாகும்?"

"புகார முடிச்சுருவான்."

யோசித்தார். தண்ணீர் வராத தெரு என்று காகிதத்தில் இருக்கிறவரைக்கும்தான் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வர முடியும் என்பது என் மூளைக்கு எட்டுமுன் அவருக்கு எட்டிவிட்டது.

"இல்லைன்னு அமுக்கு."

அமுக்கினேன். புகார் மறுபடி உயிர்பெற்று ஆபீஸுக்குப் போயிற்று. அங்கே யாரோ ஆய்வு செய்யப்பட்டது, அழுத்தம் குறைவு என்று எழுதி முடிப்பார்கள். குரல் மறுபடி என்னைக் கூப்பிடும்.

போன வருஷம் அக்கா திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே அவர் காலம் முடிந்துவிட்டது. செய்தி வந்த மறுநாள் பேரையூரார் என் வாசலில் மொபெட்டை நிறுத்தி, காலை ஊன்றியபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"அண்ணே, நீங்களாவது வந்து ரெண்டு வார்த்த வஞ்சுட்டுப் போங்க. வாட்ச்மேன் பாத்துக்கிட்டே இருக்கான்."

போனேன். எனக்கு வசவு சரியாக வரவில்லை. படித்தவன் திட்டுவது பேச்சுப்போட்டி மாதிரி இருந்தது. வாட்ச்மேனே சங்கடப்பட்டுத் திரும்பிக்கொண்டார். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. பேரையூரார் சொல்லித்தருகிறார்.

அந்தக் குரல் மட்டும் தவறாமல் கூப்பிடுகிறது. மனுதாரர் பெயரைச் சொல்லி, நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறது. அவர் பெயரை முழுசாகச் சொல்வது இப்போது உலகத்திலேயே அது ஒன்றுதான். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டை அமுக்குகிறேன்.

தண்ணீர்ப் பிரிவு நண்பர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை.